ஏற்காடு ஏறின டயர் பிரென்னர் ஏறுமா?

அக்கா மகன் ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் பக்கம் வேலையில் இருக்கிறான். அங்கே ஒரு பழைய கார் வாங்கினான், வாங்கின கையோடு எனக்குப் போன். "மாமா, குளிர்காலத்துக்குன்னு தனி டயர் செட் போடணுமாம், நாலும் புதுசு. இருக்கிற டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்கு. ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவையும் மழையில, ராத்திரியில ஓட்டினவன் நான், எனக்கு எதுக்கு இது?"

பட்டன் என்று அவன் சொல்வது டயரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகளை, அவற்றுக்கு நடுவே பள்ளங்கள் ஓடும். கேட்டால் நியாயம் மாதிரிதான் இருக்கும். அவன் அடிக்கடி தாண்டுகிற பிரென்னர் கணவாயின் உயரம் சுமார் 1,370 மீட்டர், நம்ம ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம். உயரத்தில் நாம்தான் ஜெயிக்கிறோம். ஆனால் சேலம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி சொச்சத்தில், இன்ஸ்புருக் 47 டிகிரியில். மார்கழியில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சி முனையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நின்றாலும் ஏற்காட்டில் ரோட்டுத் தண்ணீர் உறைந்து நான் பார்த்ததில்லை. அங்கே அது தினப்படி சமாச்சாரம்.

அடிவாரத்தில் எனக்குப் பழக்கமான பஞ்சர் கடை அண்ணன் ஒருவர் இருக்கிறார். டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பட்டனின் ஆழத்தைப் பார்க்கும் முன்னால் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவார். நகத் தடம் விழவில்லை என்றால் "ரப்பர் செத்துப்போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். அவர் பார்ப்பது வயதாகி இறுகிப்போன ரப்பரை. குளிரில் அதே இறுக்கம் புது டயருக்கும் வரும், சூடேறினால் திரும்பவும் இளகும். குளிர்கால டயர் என்று ஒன்றைத் தனியாகச் செய்வதற்கு முதல் காரணமே இதுதான், பனி அதற்கு அப்புறம்தான்.

ரப்பர் இறுகுவதை நெய் உறைவதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. நெய்யில் மூலக்கூறுகள் ஒரு ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு உறையும். ரப்பர் கமர்கட்டு ஜாதி. வெல்லப்பாகு சூட்டில் ஓடும், ஆற ஆற இழுவைக்கு வரும், நன்றாக ஆறினால் பல்லை உடைக்கும். இடையில் எங்கேயும் 'இதோ உறைந்துவிட்டது' என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. உள்ளே மூலக்கூறுகள் குழப்பமாகவே கிடக்கின்றன, நகர்வது மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோகிறது. இதைக் கண்ணாடி நிலை மாற்றம் என்பார்கள். ரப்பரின் நீளமான பாலிமர் சங்கிலிகளும் அப்படித்தான், வெப்பம் இருக்கும்வரை நெளிந்துகொண்டே இருக்கும், குளிர்ந்தால் சோம்பிவிடும்.

சோம்பினால் என்ன? ரோடு நம் கண்ணுக்குத்தான் சமம். தாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஜல்லி நுனியின் மேலும் ரப்பர் வழிந்து இறங்கி, அதைக் கவ்வி, விட்டு, அடுத்ததைக் கவ்வ வேண்டும், அதுவும் நொடிக்குப் பல முறை. பிடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணக் கோடை டயரின் ரப்பரால் அந்த வேகத்துக்கு நெளிய முடிவதில்லை. 7 என்பது ஒரு கைக்கணக்கு, 8 டிகிரியில் ஒட்டுகிற டயர் 6 டிகிரியில் திடீரென்று வழுக்காது. ரோடு காய்ந்து கிடந்தாலும் இந்தக் கணக்கு உண்டு என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குளிர்கால டயரில் குளிரிலும் நெளியக்கூடிய சரக்கைக் கூட்டிப் போடுகிறார்கள். இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான் கண்ணாடி நிலைக்குப் போகும் என்பதால் அதற்கு அங்கே மவுசு, நிரப்புப் பொருளாக கார்பனோடு சிலிக்காவும் நிறையச் சேரும். இதையே கொண்டுவந்து மே மாதம் சேலம் ஐந்து ரோட்டில் ஓட்டினால் வேறு கதை: பட்டனெல்லாம் கொழகொழவென்று ஆடும், பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும், சீக்கிரமே தேய்ந்தும் போகும்.

சரி, இப்போது பனிக்கு வருவோம். தமிழில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. மலையில் மூடுகிற மூட்டமும் பனி, புல்லில் நிற்கிற துளியும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, ரோட்டில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடப்பதும் பனி. டயருக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. பஞ்சாக விழுவதைப் பொடிப்பனி என்றும், உறைந்ததைக் கட்டிப்பனி என்றும் வைத்துக்கொள்கிறேன்.

பொடிப்பனியில் ஓடும்போது பட்டனின் பள்ளங்களில் பனி அடைபடும். சேறு அடைந்தால் டயர் வழுக்கும், அதனால் இதுவும் கெடுதல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் பனி பனியோடு நன்றாக ஒட்டும், உருண்டை பிடிக்க வருவதே அதனால்தானே. பள்ளத்தில் அமுங்கின பனி தரைப்பனியைப் பிடித்துக்கொள்கிறது, வண்டி வழுக்க வேண்டுமென்றால் அந்த இறுகின கட்டி அறுபட வேண்டும். குளிர்கால டயரின் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருப்பது, அடைபடுவதைத் தடுப்பதற்கு இல்லை, அடைத்துக்கொள்வதற்கு!

கட்டிப்பனி வேறு ரகம். அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய, நீர் போன்ற ஒரு படலம் இருக்கிறது, டயர் உரசும் சூட்டில் அது இன்னும் கூடும். அதனால் மைனஸ் 20ல் காய்ந்து கிடக்கும் கட்டிப்பனியைவிட, பூஜ்யத்தை ஒட்டி லேசாக வேர்த்திருக்கும் கட்டிப்பனிதான் மோசமாக வழுக்கும். அந்தப் படலத்தை இழுத்துக்கொள்ளத்தான் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறினது போல வளைந்து வளைந்து மெல்லிய கீறல்கள். இதற்குப் பெயர் சைப். 1920களில் காப்புரிமை வாங்கிய ஜான் சைப் என்ற அமெரிக்கரின் பெயர் அது. இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அவர் தன் செருப்பின் அடியைக் கீறிக்கொண்டார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். பட்டன் தரையில் அழுந்தும்போது கீறல்கள் விரிந்து நீரை உள்ளே வாங்குகின்றன, ஒவ்வொரு கீறலின் விளிம்பும் ஒரு சின்னப் பல்லாக நின்று சுரண்டுகிறது. ரப்பர் இறுகிவிட்டால் இந்தக் கீறல்கள் விரியவே விரியாது, ஆகவே மறுபடியும் ரப்பரிடம்தான் வந்து நிற்கிறோம்.

இவ்வளவும் செய்தாலும் அற்புதம் எதுவும் நடந்துவிடாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுசாக அழுத்தினால், உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, 0.8 இருக்கும் காய்ந்த ரோட்டில் சுமார் 12 மீட்டரில் நிற்கலாம். பொடிப்பனியில் 0.2 கிடைத்தால் 49 மீட்டர். கட்டிப்பனியில் 0.1 என்றால் 98 மீட்டர், ஏற்காட்டில் இரண்டு வளைவுக்கு நடுவே அவ்வளவு நேர் ரோடு எத்தனை இடத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பவர்களுக்கும் இதே கணக்குதான். நாலு சக்கரம் இழுப்பது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

செலவைக் குறைக்க முன்னால் மட்டும் இரண்டு போடட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டான். முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பிடிக்காது, வளைவில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும் என்றேன். அதோடு விட்டுவிட்டான்.

வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று மலைமுகடும் நடுவே ஒரு பனிப்பூவும் போட்ட முத்திரையைப் பார்க்கச் சொன்னேன். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது கம்பெனி தானே போட்டுக்கொள்வது. மலை முத்திரை பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு கிடைப்பது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து மலை முத்திரைதான் செல்லும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, ரோடு பனிக்கோலத்தில் இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், பட்டனின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்தினால் வெளிப்பக்க வெள்ளி வளையம் மறைய வேண்டும், அந்த வளையத்தின் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மேலே கணவாய்களில் நீல வட்டத்துக்குள் சங்கிலி கட்டின டயர் படம் போட்ட பலகை வந்துவிட்டால் டயர் மட்டும் போதாது, இழுக்கிற சக்கரங்களில் சங்கிலி மாட்ட வேண்டும். முதல் தடவையை வீட்டு வாசலிலேயே மாட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

காற்றில்தான் அவன் ஏமாந்தான். அடுக்குமாடியின் நிலவறை பார்க்கிங்கில், 15 டிகிரியில், 33 பி.எஸ்.ஐ. பிடித்திருக்கிறான். வெளியே மைனஸ் 10ல் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 29தான் காட்டியது, வால்வு லீக் என்று என்னிடம் புலம்பல். லீக் இல்லை, 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல இறங்கும், அவ்வளவுதான். இதை நாம் ஏன் கவனிப்பதில்லை தெரியுமா? சேலத்தில் 35 டிகிரியில் காற்றுப் பிடித்து ஏற்காட்டில் 25 டிகிரிக்குப் போனால் குளிரால் அதே ஒன்றரை குறையும், ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. குறைவு என்பதால் மீட்டர் அந்த அளவு கூட்டிக் காட்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

டயர் மாற்றின அன்று காலை அங்கே 2 டிகிரி. வீடியோவில் வரச் சொல்லி, கழற்றின கோடை டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்து என்றேன். அழுத்தினான், நகம்தான் மடங்கியது. புது டயரில் அழுத்தினான். பிறை மாதிரி ஒரு தடம் விழுந்து மெதுவாக மறைந்தது. "மாமா, அந்த அண்ணன் கடையில வேலைக்குச் சேர்ந்திருக்கலாம் போல" என்றான்.

கழற்றின டயர்களில் எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். அங்கே டயர் கடைக்காரர்களே சீசன் முழுக்க வாடகைக்கு வைத்துக்கொள்வார்களாம், அதற்கு டயர் ஹோட்டல் என்று பேர் வேறு. மே மாசம் ஏற்காட்டில் மனுஷனுக்கே ரூம் கிடைப்பதில்லை. அப்புறம், சக்கரம் மாற்றினால் 50லிருந்து 100 கி.மீ. ஓடினதும் போல்ட்டை ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் வந்தது: பிரென்னர் போய்த் திரும்பியாச்சு, பின் வலதில் ஒரு போல்ட் கால் சுற்று இறங்கிச்சு.