ஐந்து நிமிட மருந்து நான்கு மணி நேரம் நின்றபோது

தசைகளைச் சிறிது நேரம் செயலிழக்க வைக்கும் ஸ்கோலின் மருந்தைப் போட்டதும் நோயாளியின் இமையில் ஒரு துடிப்பு வரும். கழுத்து, தோள், தொடை என்று அலை மாதிரி இறங்கி ஓய்ந்துவிடும். ஒரு தசையும் அசையாத அந்த நேரத்தில்தான் மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்துவோம். ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. மருந்து தீர்ந்து அவரே மூச்சு விடத் தொடங்குவார்.

மயக்க மருத்துவராக இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி நடக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் போய் விழுந்து, தோள்மூட்டு விலகி வந்த இளைஞர் அவர். மூட்டைப் பொருத்தி அரை மணி நேரம் ஆகியும் மூச்சு திரும்பவில்லை. மணிக்கட்டில் நரம்பைத் தூண்டும் கருவியை வைத்தேன், கட்டைவிரல் அசையவில்லை. ஆனால் நாடி ஏறிக்கொண்டே போனது, கண்ணோரம் ஈரம் கசிந்தது. உடனே மயக்க வாயுவைத் திரும்பத் திறந்தேன். உடம்பு கட்டுண்டு கிடக்க, நினைவு மட்டும் விழித்துக்கொள்வது கொடுமை. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தோம். கட்டைவிரல் லேசாக அசைய நான்கு மணி நேரம் ஆயிற்று.

வெளியே வந்து விசாரித்தபோது தாய்மாமா சொன்னார்: "என் ஹெர்னியா ஆபரேஷன் அப்பவும் இப்படித்தான் சார், ராத்திரி வரைக்கும் மெஷின்ல வச்சிருந்தாங்க. அதைச் சொல்லணும்னு தெரியல."

ஸ்கோலினைச் சிதைப்பது கல்லீரல் தயாரிக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதற்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் நொதி வேலை செய்யாது. பொதுவாக இது அரிது. அந்த இளைஞரின் ஆரிய வைசியர் சமூகத்திலோ 100 பேரில் சுமார் 4 பேருக்கு உண்டு. நொதியின் 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற வேறொன்று உட்கார்ந்திருப்பதே காரணம் என்று கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள்.

1908இல் ஹார்டி, வைன்பெர்க் இருவரும் தந்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றில் 4 பேருக்கு இரண்டு பிரதியும் பழுது என்றால், சமூகத்தில் உள்ள அந்த மரபணுப் பிரதிகளில் ஐந்தில் ஒன்று பழுது (ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்கினால் நூற்றில் நான்கு). ஒரே ஒரு பழுதுப் பிரதியோடு இருப்பவர்கள் மட்டும் 100க்கு சுமார் 32 பேர்!

இவ்வளவு எப்படிப் பெருகியது? பரிணாமம் என்றதும் வலியது பிழைக்கும் என்பதுதான் நமக்கு நினைவு வருகிறது. இங்கே அது பொருந்தாது. ஸ்கோலின் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்ததே 1951வாக்கில்தான். அதுவரை இந்தப் பழுதால் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரிந்திருக்காது. இயற்கை அதைக் களையெடுக்கக் காரணமே இல்லை. நடந்தது தற்செயல். பத்துத் தம்பதிகள் சேர்ந்து ஒரு கூட்டமாகப் பிரிகிறார்கள் என்று வையுங்கள். அவர்களிடம் 40 பிரதிகள். அதில் ஒன்று பழுது என்றாலே நூற்றுக்கு இரண்டரை. அந்த வீட்டில் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தால் பங்கு இன்னும் ஏறும். அப்புறம் அந்தக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகினாலும், பெண் எடுப்பதும் கொடுப்பதும் உள்ளுக்குள்ளேயே என்றால் அந்தப் பங்கு நீர்த்துப்போகாது. வைசியர்கள் நூறு தலைமுறைக்கும் முன்பு அப்படியொரு சிறு கூட்டத்திலிருந்து கிளைத்தவர்கள் என்று ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வு 2009இல் காட்டியது.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்வார்கள். அது பழுதுப் பிரதிகள் இரண்டையும் ஒரே பிள்ளையிடம் சேர்க்கலாம். சமூகத்தில் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. யார்மீதும் பழி போட இதில் ஒன்றுமே இல்லை.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். எந்தச் சமூகமானாலும், வீட்டில் யாராவது ஆபரேஷனுக்குப் பிறகு நெடுநேரம் மூச்சு திரும்பாமல் இருந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். பூச்சிமருந்து குடித்தவர்களுக்குப் பார்க்கிறோமே, அதேதான். நொதியின் அளவு குறைவு என்று தெரிந்தால் ரோகுரோனியம் போன்ற வேறு மருந்து இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரின் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். பரிசோதித்ததில் அவருக்கும் நொதி ஏறக்குறைய இல்லை. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிவைத்தோம்: "ஸ்கோலின் கூடாது."