"எப்படித் தோத்த?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருந்தபோது மொபைலில் ஏதோ ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தான். ஒரே லெவலில் நாலு தடவை தோற்றவன், போனை சோபாவில் வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்படிடா தோத்த?"

"தெரியல மாமா. இதுல காசு கட்டினாதான் தாண்ட முடியும்."

கேம் வடிவமைப்புதான் என் தொழில், பன்னிரண்டு வருடமாக. அவன் பேச்சைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. "இந்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும், நின்றால்தான் வாங்குவான்" என்று கணக்குப் போட்டு லெவல் அமைக்கும் வேலைகளை நான் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அங்கே தோல்வி என்பது ஆடுபவரின் பிழை அல்ல, கடையின் கதவு.

மறுநாள் லேப்டாப்பில் அவனுக்கு பேக்-மேன் போட்டுக் கொடுத்தேன். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980இல் வந்த கேம். ஆட ஒரு ஜாய்ஸ்டிக் போதும், அமுக்கப் பொத்தான் கூடக் கிடையாது. 240 சிறிய புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள், துரத்தும் நாலு பேய்கள். பேக்-மேன் என்ற மஞ்சள் உருவத்தைப் பாதைகளில் ஓட்டி, பேய்களிடம் சிக்காமல் எல்லாப் புள்ளிகளையும் தின்ன வைக்க வேண்டும். எல்லா லெவலிலும் அதே பாதைகள்தான். பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும் போலிருக்கும். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் சலிக்கவில்லை, அதற்குக் காரணம் அந்தப் பேய்கள்.

நாலும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்பு நேராக நாம் நிற்கும் இடத்தைக் குறிவைக்கும். பிங்க் நிறப் பேய் நமக்கு நாலு கட்டம் முன்னால் இருக்கும் இடத்தைக் குறிவைக்கும், அதாவது வழிமறிக்கும். நீலம், நம்மையும் சிவப்பையும் சேர்த்துக் கணக்குப் போடும், அதனால் அது எங்கே போகிறது என்று எளிதில் பிடிபடாது. ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்தும், நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இந்தச் சின்னச் சின்ன விதிகள் நாலும் சேரும்போதுதான், நாலு பக்கமும் சுற்றிவளைக்கப்பட்ட உணர்வு வருகிறது.

அதிலும் விடாமல் துரத்துவதில்லை. முதல் லெவலில் 7 விநாடி மூலைக்கு மூலை கலைந்து போகும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி கலையும். மூச்சு வாங்க அந்த இடைவெளி போதும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். கடினமாக்குவது எளிது, எங்கே தளர்த்துவது என்பதுதான் கைவேலை.

இன்னொன்றும் காட்டுவேன். புள்ளி தின்னும்போது பேக்-மேன் கொஞ்சம் வேகம் குறைவான், தின்று முடித்த காலி வழியில் வேகமாக ஓடுவான். மூலை திரும்பும்போது பேய்களை விடச் சற்று முன்பே திரும்பத் தொடங்கலாம். அப்படியென்றால் அடுத்தடுத்து மூலைகள் உள்ள வழியில் ஓடினால் தப்பலாம். இதையெல்லாம் யாரும் எழுதிக் காட்டுவதில்லை. பத்து முறை செத்த பிறகு விரல் தானாகக் கற்றுக்கொள்கிறது.

லெவல் ஏற ஏற, பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும் நேரம் குறைகிறது. முதல் லெவலில் 6 விநாடி, 19ஆம் லெவலிலிருந்து அறவே கிடையாது. விதி ஒன்றுதான், சலுகைதான் குறைகிறது. தோற்றாலும் கோபம் வராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் பழையது, 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக தொமொஹிரோ நிஷிகாதோ செய்தது. திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள். சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அது திட்டமிட்டுச் செய்ததல்ல. அந்தக் கால ப்ராசசருக்கு 55 உருவங்களை நகர்த்துவது சுமை, எண்ணிக்கை குறைந்தால் சுமை குறைந்து வேகம் தானாக ஏறியது. நிஷிகாதோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். நாம் நன்றாக ஆடுவதே நமக்குச் சவாலை ஏற்றுகிறது. இதைவிட நியாயமான சவால் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இந்த கேம்கள் அப்போது காசு போட்டு ஆடும் மெஷின்களாகத்தான் இருந்தன, அவையும் காசு பார்க்கத்தானே வந்தன? ஆமாம். ஓர் ஆட்டத்துக்கு ஜப்பானில் 100 யென், அமெரிக்காவில் 25 சென்ட். சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும் என்பது அப்போதும் வியாபாரம்தான். ஆனால் அந்தக் காசுக்குக் கிடைத்தது இன்னொரு ஆட்டம் மட்டுமே. முதலிலிருந்து, எல்லோருக்கும் உள்ள அதே விதிகளோடு. அதிக பலமோ, கூடுதல் வேகமோ, பேய் வராத வழியோ விலைக்கு இல்லை. திறமையை விற்பதற்கும் வாய்ப்பை விற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. பெற்றோர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதை மட்டுமே கேட்கிறோம். நேரமும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தை தோற்ற அடுத்த நொடி திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். "இன்னும் 10 விநாடிதான், இப்போதே வாங்கு" என்று ஓடும் கடிகாரம் வந்தால், அது விளையாட்டின் பகுதி அல்ல, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நடக்கும் விற்பனை. உங்கள் கார்டோ யூபிஐயோ அந்த போனில் இணைந்திருந்தால், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி இன்றே ப்ளே ஸ்டோரில் மாற்றிவிடுங்கள். அப்புறம், "எப்படித் தோத்த?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அவன் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறான். "தெரியல" என்றே தினமும் பதில் வந்தால் அந்த கேமை ஒரு கண் பாருங்கள்.

அக்கா மகன் பேக்-மேனில் முதல் நாள் இரண்டாம் லெவலைத் தாண்டவில்லை. ஆனால் லேப்டாப்பை யாரும் வீசவில்லை. மூன்றாம் நாள் சமையலறை வரைக்கும் ஓடிவந்தான்.

"மாமா, அந்த பிங்க் பின்னாடி வராது. நான் எங்க போகப் போறேனோ அங்க வந்து நிக்குது. அதான் நான் அது மூஞ்சிக்கு நேரா போனேன், அது திரும்பிப் போயிடுச்சு!"

அடுப்பை அணைத்துவிட்டு அவனோடு போய் உட்கார்ந்தேன். ஆரஞ்சு என்ன செய்கிறது என்று நான் சொல்லவில்லை.