அடக்க முடிகிறதே, அப்புறம் என்ன நோய்?

"டாக்டரம்மா, இவன் கெட்ட வார்த்தையே பேச மாட்டானே, அப்புறம் எப்படி இந்த நோய்னு சொல்லுதிய?"

தன்னையறியாமல் உடம்பு அசைவதும் சத்தம் வருவதுமான டூரெட் சிண்ட்ரோம் உள்ள ஜான் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வாழ்க்கையை வைத்து 2025-இல் வந்த 'ஐ ஸ்வேர்' படத்தின் காட்சிகள் போனில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து, மும்பை சயானில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு, அரை நிமிட ரீல் பார்த்தவர்கள்தான் நிறைய. அந்த அரை நிமிடத்துக்கு எந்தக் காட்சியை வெட்டி எடுப்பார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்?

இதற்குப் பதில் சுருக்கமானது. டூரெட் சிண்ட்ரோம் உள்ளவர்களில் தன்னையறியாமல் கெட்ட வார்த்தை வந்து விழுவது 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 15 பேருக்குத்தான். டேவிட்சன் அந்தச் சிலரில் ஒருவர். மற்றவர்களுக்குக் கண் சிமிட்டல், மூக்கைச் சுளிப்பது, தோளைக் குலுக்குவது, கழுத்தை வெட்டுவது, தொண்டையைக் கனைப்பது, உறிஞ்சுவது, சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம், இவ்வளவுதான். இவற்றை டிக்ஸ் என்கிறோம். உடம்பில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிக்ஸ், சத்தமாக வருவது குறைந்தது ஒன்று, 18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இருந்தால் டூரெட். ஸ்கேனிலோ ரத்தத்திலோ இது தெரியாது. பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னை உண்மையில் கடுப்பேற்றுவது இந்தக் கேள்வி அல்ல, வேறொன்று. போன வாரம் தாராவியிலிருந்து ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). அம்மா கையில் ஒரு துணிக்கடைப் பை, அது நிறைய பழைய மருந்துச் சீட்டுகள். கண் சிமிட்டியதற்குச் சொட்டு மருந்து, பிறகு கண்ணாடி. கனைத்ததற்கு அலர்ஜி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், இருமல் சிரப். நடுவில் பூச்சி மருந்தும் உண்டு. பையின் அடியில் பள்ளிக்கூடம் கொடுத்த கடிதம். வகுப்பில் வேண்டுமென்றே சத்தம் போடுகிறான், தொடர்ந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று. ட்யூஷன் மிஸ் தன் பங்குக்கு முட்டி போட வைத்திருக்கிறார். அப்பா சொன்னார்: "சும்மா இருலன்னா பத்து நிமிசம் சும்மா இருக்கான்லா? அப்ப வேணும்னுதான பண்ணுதான்?"

இந்த ஒரு வாதத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்! ஆசிரியர்கள், பாட்டிகள், ஏன், எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்கூட. அடக்க முடிகிறது, ஆகவே நடிப்பு. இல்லவே இல்லை. கொஞ்ச நேரம் அடக்க முடிவது இந்த நோயின் இயல்பு. நரம்பியலில் மற்ற பல தன்னிச்சை அசைவுகளிலிருந்து டிக்ஸைப் பிரித்தறிய எங்களுக்கு உதவுவதே அதுதான்.

டிக்ஸ் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு, ஒரு இறுக்கம் எழும். செய்து முடித்தால்தான் அடங்கும். சின்னக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது, பத்து வயதைத் தாண்டியவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். சாயங்காலம் விரார் ஃபாஸ்ட்டில் இரண்டு கையும் நெரிசலில் மாட்டியிருக்கும்போது மூக்கு அரித்திருக்கிறதா உங்களுக்கு? அந்தேரி தாண்டுவதற்குள் வேறு நினைப்பே இருக்காது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டால் சொல்வீர்களா? பையன் வகுப்பில் அந்த நிலைமையில்தான் உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் நடத்துவது காதில் ஏறாது. "படிப்பில் கவனம் இல்லை" என்று அதற்கும் ஒரு குறிப்பு வரும்.

பள்ளியில் அடக்கியதெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மொத்தமாக வெளியே வரும். "ஸ்கூல்ல ஒழுங்கா இருக்கான், என்னைக் கண்டாத்தான் பண்றான்" என்று அம்மா அழுவார். உங்களைக் கண்டால்தான் அவனுக்குப் பயமில்லை, அம்மா. அழாதீர்கள்.

என் எதிரிலும் அப்படித்தான். இந்தப் பையன் நாற்காலியில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். பார்த்தீர்களா என்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போன பையன் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று, தோளை நாலைந்து முறை குலுக்கி, கழுத்தை வெட்டி, கனைத்துத் தீர்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. அப்பாவை எட்டிப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மும்பையில் டூரெட் என்ற பெயரைப் பலர் முதலில் கேள்விப்பட்டது 2018-இல் ராணி முகர்ஜி ஆசிரியையாக நடித்த 'ஹிச்கி' என்ற இந்திப் படம் மூலம்தான். அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் புத்தகத்தைத் தழுவி எடுத்தது. அந்தப் படம் எனக்குச் செய்த உதவியை மறுக்க மாட்டேன். பிரின்சிபாலிடம் "ராணி முகர்ஜிக்கு இருந்ததே, அது" என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நிஜத்தில் டிக்ஸ் ஒரே மாதிரி நிற்பதில்லை. மழைக்காலத்தில் கண் சிமிட்டல், தீபாவளிக்குத் தோள், பரீட்சை நெருங்கும்போது கனைப்பு. நடுவில் சில வாரம் ஒன்றுமே இருக்காது. அந்தச் சில வாரத்துக்கு முன்னால் யார் எந்த சிரப் கொடுத்தாரோ அவர் கைராசி டாக்டர் ஆகிவிடுவார். எங்கள் தொழிலில் இப்படிச் சம்பாதித்த பெயர்கள் கொஞ்சமல்ல.

'ஐ ஸ்வேர்' பக்கம் வருவோம். டேவிட்சன் காலாஷீல்ஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். பதின்வயதில் அவரை வைத்து பி.பி.சி. எடுத்த ஆவணப்படம் 1989-இல் ஒளிபரப்பானது. அதன் பெயரே 'ஜான்ஸ் நாட் மேட்'. பைத்தியமில்லை என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டியிருந்த காலம். டூரெட் பற்றிய விழிப்புணர்வுப் பணிக்காக 2019-இல் பிரிட்டிஷ் அரசியிடம் எம்.பி.இ. என்ற அரசு விருது வாங்கினார். ரீல்களில் வராத பகுதியைத்தான் பெற்றோர் பார்க்க வேண்டும். நண்பனின் தாய், மனநலச் செவிலியரான டாட்டி, ஜானைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார். சமூகக் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் டாமி ட்ராட்டர் அவனுக்கு வேலை கொடுக்கிறார். டிக்ஸ் போய்விடவில்லை. ஆனால் ஒவ்வொரு டிக்குக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமில்லாத ஒரு வீடும், போய்வர ஓர் இடமும் கிடைத்தன. படத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய சிகிச்சைக் குறிப்பு இதுதான். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "பண்ணாதே" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள், சொல்லச் சொல்லக் கூடும். இன்றைக்கு எத்தனை தடவை என்று எண்ணிக் குறித்து வைக்க வேண்டாம். எனக்குக் காட்ட வீடியோ வேண்டும், ஒன்று போதும், அவனிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாருக்காவது நல்ல டாக்டர் தெரியுமா" என்று கேட்காதீர்கள். உங்கள் குழுவில் உள்ள அத்தை மகன் அவன் வகுப்பில்தான் படிக்கிறான்.

ஆசிரியர்களுக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போடுவது எதில் சேரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து செய்ய வேண்டியது: கதவுக்குப் பக்கத்தில் இடம், கேட்காமல் வெளியே போய்வர அனுமதி, பரீட்சைக்கு முடிந்தால் தனி அறை. வகுப்புக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். பெரியவர்கள்தான் பழக மாட்டார்கள்.

எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. வலி, காயம், கேலி, தூக்கம் கெடுவது, இவை இருந்தால் யோசிப்போம். அதற்கு முன் நடத்தைப் பயிற்சி இருக்கிறது. குறுகுறுப்பு வரும்போதே கண்டுகொண்டு, அந்த அசைவுக்கு இடம் கொடுக்காத வேறொன்றைச் செய்யப் பழக்குவார்கள். அடக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம்தான் போக வேண்டும், யூடியூபில் வேண்டாம். பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்வயது முடியும்போது பெரும்பாலோருக்கு நன்றாகவே குறையும். பல குழந்தைகளுக்குக் கூடவே கவனக்குறைவும் துறுதுறுப்பும், சிலருக்குத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கமும் இருக்கும். டிக்ஸைவிட அவைதான் படிப்பைக் கெடுக்கும். அதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

கழுத்தைப் பலமாக வெட்டுகிற பிள்ளைக்குக் கை மரத்துப்போவது, கால் தளர்வது என்று ஆரம்பித்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வாருங்கள்.

கடைசியாக, மே மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. டிக்ஸைக் குறைக்கக் கொடுக்கும் குளோனிடின் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன் மாத்திரையை எண்ணிப் பார்த்து எடுத்து வையுங்கள். ஊரில் சாமியாடி திருநீறு போடட்டும், வேப்பிலை அடிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.