நிழல் மரத்தைக் காடு என்று எண்ண வேண்டாம்

அல்சூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. அது பிறக்கும் குடகில் மழையை வாங்கும் நிலத்தில் பெரும்பகுதி காடும் காப்பித் தோட்டமும்தான். பெய்த மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்று பெங்களூரில் அமர்ந்து கணக்கிடும்போது முதல் தவறு இங்கேதான் நேர்கிறது. நிழல் மரங்களுக்கு அடியில் இருக்கும் காப்பிச் செடி செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. மென்பொருள் தோட்டத்தையும் காடு என்றே குறித்துவிடும்.

இதன் விலை என்னவென்று கர்வ் நம்பர் முறையில் போட்டுப் பாருங்கள். நிலத்தின் தன்மைக்கு 100 வரை ஓர் எண் கொடுத்து, மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடும் முறை அது; எண் கூடினால் ஓட்டமும் கூடும். ஒரே நாளில் 100 மி.மீ. மழை. காடு என்று 60 கொடுத்தால் வழிந்தோடுவது சுமார் 19 மி.மீ. பாதை வெட்டி, மண் இறுகிய தோட்டச் சரிவுக்கு 75 கொடுத்தால் 41 மி.மீ. பத்து சதுர கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் 22 கோடி லிட்டரைத் தாண்டும். ஓட்டம் தொடங்கும் முன் நிலம் பிடித்துக்கொள்ளும் தொடக்க இழப்பாக, மண் தேக்கக்கூடிய கொள்ளளவில் 20 விழுக்காடு எடுப்பது அமெரிக்க வழக்கம். நம் நாட்டில் 30 விழுக்காடும் எடுப்பதுண்டு. அப்போது அந்த 19 மி.மீ. 11 ஆகிவிடும். எதை எடுத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். ஜூலையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் என்பதால் ஒரு நாள் மழைக்கான இந்த முறை பருவம் முழுவதற்கும் போதாது. மண் ஈரத்தை நாள்தோறும் கணக்கு வைக்கும் ஸ்வாட் (SWAT) போன்ற கணினி மாதிரிதான் வேண்டும்.

அடுத்தது மழைப் பதிவு. குடகின் மேற்கு மலைப்பக்கம் உள்ள பாகமண்டலாவில் கொட்டும் மழைக்கும் கிழக்கே உள்ள குஷால்நகர் மழைக்கும் பல மடங்கு வித்தியாசம்; ஒரே மழைமானியை வைத்து இரண்டையும் மூடக்கூடாது. நல்ல வேளையாக, எஸ்டேட் பதிவேடுகள் பொக்கிஷம். ஆனால் அவை பெரும்பாலும் இன்ச், சென்ட் கணக்கில் இருக்கும்: ஒரு சென்ட், அதாவது இன்ச்சில் நூறில் ஒரு பங்கு, 0.254 மி.மீ. காலை 8.30 மணிக்கு அளந்ததை வானிலைத் துறை அன்றைய தேதியில் எழுதும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நேற்றைய தேதியில் எழுதியிருக்கலாம். இந்த ஒரு நாள் நகர்வு கண்ணில் படாமல் போனால், வெள்ள உச்சம் பொருந்தவே பொருந்தாது. அதைச் சரிக்கட்ட மாதிரியில் மண்ணுக்குக் கொடுத்த எண்களைத் திருகுவார்கள். மாதிரி அங்கேயே கெட்டுவிடும். மழைமானி மரத்தடியில் இருக்கிறதா என்றும் நேரில் பாருங்கள். மானியின் வாய்க்கு மேல் 15 மீட்டர் உயரும் மரம் என்றால் குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

ஆற்றுப் பதிவிலும் கவனம் தேவை. ஹாரங்கி அணைக்குக் கீழே அளந்த ஓட்டத்தில் மதகு திறந்த தண்ணீரும் கலந்திருக்கும். அணையின் வெளியேற்றப் பதிவு கையில் இல்லாமல் அந்த நிலையத்தைத் தொடாதீர்கள். மாதிரி சொல்லும் ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8 வந்ததும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். பெருவெள்ள நாட்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தும். கோடை ஓட்டம் பாதியாகப் பிழைத்திருந்தாலும் அது காட்டாது. மடக்கை (log) எடுத்த ஓட்டத்துக்கும் அதே மதிப்பைக் கணக்கிடுங்கள்; குறைந்த ஓட்டத்தின் பிழை அதில் தெரியும்.

நகரம் தவிப்பது கோடையில்தான் என்பதால் இந்தக் கோடை ஓட்டப் பிழையை மன்னிக்க முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் காப்பிப் பூவுக்கான மழை தவறினால், ஓடையிலிருந்தும் தோட்டக் குளத்திலிருந்தும் பம்பு வைத்து ஸ்பிரிங்க்ளரில் அடிப்பார்கள். மாதிரியில் ஓடும் தண்ணீர் ஓடையில் இருக்காது. பம்பு ஓடிய மணி நேரத்தைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, அந்த அளவைக் கழித்த பிறகே மண்ணின் எண்களில் கை வையுங்கள்.