அப்பா அம்மா இல்லாமல் ஒரு பேத்தியை அடையாளம் காண்பது எப்படி

2006-ல் அர்ஜென்டினாவின் தெலெஃபே சேனலில் 'மோன்டெகிரிஸ்டோ' என்ற டெலிநாவெலா, அதாவது தொலைக்காட்சித் தொடர், ஓடியது. சந்தியாகோவும் மார்க்கோசும் உயிர் நண்பர்கள். மார்க்கோஸ் துரோகம் செய்ததால் சந்தியாகோ மொராக்கோவில் ஒரு சிறையில் பத்து வருடம் கிடக்கிறான். அவன் செத்துவிட்டான் என்று நம்பி, அவனுடைய காதலி லாரா அதே மார்க்கோசைக் கட்டிக்கொள்கிறாள். அப்புறம் அவன் திரும்பி வருகிறான், பழி வாங்க. இதுவரை அலெக்சாண்டர் டூமா 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய நாவலின் எலும்புக்கூடுதான். ஆனால் தொடரை எழுதியவர்கள் அதற்குள் இன்னொரு ரகசியத்தை வைத்தார்கள், நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அதைத்தான். லாராவை வளர்த்தவர்கள் அவளைப் பெற்றவர்கள் அல்ல. ராணுவ ஆட்சிக் காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டு, திரும்பி வராமலே போன ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை அவள். அதே தொடரில் விக்டோரியா என்றொரு பெண், எங்கோ பிறந்த தன் உடன்பிறப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இது கதைக்காக யோசித்த ரகசியம் இல்லை. 1976 மார்ச் முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை தாயை உயிரோடு வைத்திருந்து, பிறந்தபின் அவளைக் கொன்றுவிட்டு, குழந்தையை ராணுவக் குடும்பங்களுக்கோ போலீஸ்காரர்களுக்கோ வேறு யாருக்கோ கொடுத்தார்கள். இப்படிப் போன குழந்தைகள் சுமார் 500 பேர் என்று, அவர்களைத் தேடும் 'பிளாசா தே மாயோ பாட்டிகள்' அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 1977-ல் தொடங்கிய அந்த அமைப்பு இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. எனக்குத் தெரிந்து மரபியல் செய்த மிக நேர்த்தியான வேலைகளில் இது ஒன்று, அதைத் தூண்டியது விஞ்ஞானிகள் அல்ல, பாட்டிகள்.

முதலில் பழைய கதைக்குப் போவோம். ஸ்பானிய மொழி மெலோட்ராமாவில் பிறப்பு ரகசியத்தை உடைக்க எப்போதும் ரத்தம் வேண்டும். 1948-ல் கியூபாவின் சி.எம்.க்யூ வானொலியில் ஃபெலிக்ஸ் கைஞெத் எழுதிய 'எல் தெரேச்சோ தே நாசேர்', அதாவது 'பிறக்கும் உரிமை', இந்த வகைக்கெல்லாம் தாய்க்கதை மாதிரி. கல்யாணமாகாத மகளுக்குப் பிறந்த பேரனைக் கொல்லச் சொல்கிறார் ஒரு பணக்காரத் தாத்தா. குழந்தையை வீட்டின் கறுப்பினச் செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வளர்க்கிறாள். அவன் டாக்டராகி, யாரென்று தெரியாமலே தன் தாத்தாவுக்கு ரத்தம் கொடுத்து அவர் உயிரைக் காப்பாற்றுகிறான். கேட்டவர்கள் அழுதார்கள். ரத்தம் ரத்தத்தைத் தேடி வந்துவிட்டது என்று ஒரு நிறைவு.

ஆனால் ரத்த வகையால் அவ்வளவு பேச முடியாது. ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகைதான். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் பாதிப் பேருக்கு மேல் ஓ வகை. தாத்தாவும் பேரனும் ஒரே வகை என்றால், தெருவில் போகிற முன்பின் தெரியாத ஆளும் அதே வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரத்த வகைக்கு நன்றாகச் சொல்லத் தெரிந்தது ஒரே சொல்தான்: "இல்லை". அப்பாவுக்கு ஏபி என்றால் பிள்ளைக்கு ஓ வருவது, மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, முடியாது. ஏனென்றால் அவர் பிள்ளைக்கு ஏ-யையோ பி-யையோ கொடுத்தே ஆகவேண்டும். இப்படி ஒருவரை விலக்கலாம். "ஆமாம், இவன்தான்" என்று சொல்ல அதற்குத் திராணி கிடையாது.

பாட்டிகளுக்குத் தேவைப்பட்டதோ அந்த "ஆமாம்". 1979-ல் ஒரு நாளிதழில், தன் பிள்ளையை மறுத்த ஓர் ஆளை ரத்தப் பரிசோதனை மூலம் அவன்தான் அப்பா என்று நிரூபித்த செய்தியை அவர்கள் படித்தார்கள். சரி, அப்பாவை நிரூபிக்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் உயிரோடு இல்லையே, உடலும் கிடைக்கவில்லையே, எங்கள் ரத்தத்தை வைத்துச் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார்கள். 1982-ல் அந்தப் பாட்டிகளில் இருவர், சிச்சா மரியானியும் எஸ்தெலா தே கார்லோட்டோவும், நியூயார்க்கில் விக்டர் பென்சசாதேயைச் சந்தித்தார்கள். அவரும் அர்ஜென்டினாக்காரர், மரபியல் மருத்துவர், நாட்டைவிட்டு வந்து அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர். அவர் வழியாகவும் வேறு சிலர் வழியாகவும் கேள்வி அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த மரபியலாளர் மேரி-கிளேர் கிங்கிடம் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் 1990-ல், மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருவதற்குக் காரணமான மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டியவரும் இவர்தான்.

இதில் உள்ள தர்க்கம் ரொம்ப எளிமையானது, ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது. பிள்ளையிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அம்மா இல்லை. ஆனால் அம்மாவிடம் இருந்ததெல்லாம் அவளைப் பெற்றவர்களிடமிருந்து வந்ததுதானே? அவளே போய்விட்டாலும் அவள் கொடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு துண்டும் அந்த இரண்டு முதியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அப்பா பக்கமும் அப்படியே. ஆகவே நான்கு பேரின் ரத்தம் இருந்தால் போதும், காணாமல் போன இருவரும் பிள்ளைக்கு என்னென்ன கொடுத்திருக்க முடியும் என்று எழுதிவிடலாம். நால்வரில் யாராவது இறந்துபோயிருந்தால் அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா என்று கிடைக்கிறவர்களைச் சோதித்து இடைவெளியை நிரப்பலாம்.

அடுத்து, எதை ஒப்பிடுவது? 1984-ல் இன்றைய டி.என்.ஏ சோதனை இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது எச்.எல்.ஏ மரபணுக்களை. சிறுநீரகம் பொருத்துமுன் பார்க்கிறார்களே, அதே பொருத்தம்தான். ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த மரபணுக்கள் மனிதருக்கு மனிதர் மிகவும் மாறுபடும், அதோடு பெரும்பாலும் ஒரே கொத்தாகப் பிள்ளைக்குப் போகும். ஒவ்வொருவரிடமும் இரண்டு கொத்து. அம்மாவைப் பெற்றவர்களிடம் மொத்தம் நான்கு, அப்பாவைப் பெற்றவர்களிடம் நான்கு. பிள்ளையின் ஒரு கொத்து இந்த நான்கில் ஒன்றாகவும், மற்றொன்று அந்த நான்கில் ஒன்றாகவும் இருக்கவேண்டும்.

பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தற்செயலாகப் பொருந்தியிருக்க எவ்வளவு வாய்ப்பு? இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்வதுதான் 'பாட்டிமைக் குறியீடு'. கணக்கை நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கொத்தும் மக்களிடையே நூற்றில் ஒன்றாக வருவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு பிள்ளையின் முதல் கொத்து அப்பா பக்கத்து நான்கில் ஒன்றாக அமைய வாய்ப்பு நூற்றில் நான்கு. இரண்டாவது, அம்மா பக்கத்து நான்கில் அமைய அதேபோல் நான்கு. இரண்டும் சேர்ந்து அமைய பத்தாயிரத்தில் 16. பக்கம் மாறி அமைவதையும் சேர்த்தால் 32. அதாவது ஆயிரத்தில் மூன்று பிள்ளைகள் மட்டுமே தற்செயலாகப் பொருந்துவார்கள். கொத்து இன்னும் அரிதானதாக இருந்தால் இந்த எண் இன்னும் சுருங்கும்.

1984-ல் இதை முதன்முதலாக ஓர் எட்டு வயதுச் சிறுமிக்குப் பயன்படுத்தினார்கள். 1978-ல், இரண்டு வயதுகூட நிரம்பாதபோது, மோன்டெவிடியோவில் பெற்றோரோடு சேர்த்துத் தூக்கிச் செல்லப்பட்டவள் அவள். ஒரு போலீஸ் அதிகாரி தனக்குப் பிறந்த பெண் என்று பதிவு செய்து வளர்த்துவந்தார். பாட்டி அவளை ஏற்கெனவே தேடிக் கண்டுபிடித்துவிட்டார், இவள்தான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் நீதிமன்றத்துக்குச் சான்று வேண்டும். புவெனோஸ் ஐரிசின் துராந்த் மருத்துவமனையில் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். உறவு 99 சதவீதத்துக்கும் மேல் உறுதி என்று வந்தது. அந்த டிசம்பரில் அவள் பாட்டி வீட்டுக்குப் போனாள்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தச் சிறுமி விஷயத்தில் ஒரு குறிப்பிட்ட குடும்பம், ஒரு குறிப்பிட்ட குழந்தை, கையில் புகைப்படங்கள். ஆயிரத்தில் மூன்று என்பது அங்கே பலமான சான்று. ஆனால் "எனக்கு என் பிறப்பில் சந்தேகம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் வருகிறான், அவன் ரத்தத்தை 300 குடும்பங்களோடு ஒப்பிடவேண்டும் என்றால்? 300 தடவை ஆயிரத்தில் மூன்று. கிட்டத்தட்ட ஒரு குடும்பம் சும்மாவே பொருந்தி நிற்கும்! தப்பான பாட்டியிடம் தப்பான பேரனை ஒப்படைப்பதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கமுடியும்? அதனால் இன்னும் கூர்மையான கருவிகள் தேவைப்பட்டன.

கிங் அடுத்து எடுத்தது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. செல்லுக்குச் சக்தி தரும் இந்தச் சின்ன உறுப்புக்கு 16,569 எழுத்து நீளத்தில் தனியாக ஒரு டி.என்.ஏ வளையம் உண்டு. விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டைக்குள் அழிந்துபோவதால், இது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. அம்மாவைப் பெற்ற பாட்டி, அம்மா, பிள்ளை மூவரிடமும் ஒரே வளையம், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து. கலப்பு இல்லை, பாதிப் பாதி இல்லை. தாத்தாவும் மற்ற பாட்டியும் இறந்துபோயிருந்தாலும் இந்த ஒரு பாட்டி போதும். அவளும் இல்லையென்றால் அவளுடைய தங்கை போதும். பிளாசா தே மாயோ சதுக்கத்தில் காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களில் எத்தனையோ பேர் தாய்வழிப் பாட்டிகள் என்பதை நினைத்தால், இயற்கையே அவர்களுக்காக ஒரு கையெழுத்தைப் பத்திரப்படுத்தி வைத்த மாதிரி எனக்குத் தோன்றும். இருந்தாலும் இதுவும் தனியாக நிற்காது, சில வகை வளையங்கள் சம்பந்தமில்லாத பலரிடமும் இருக்கும். பையன்கள் என்றால் அப்பா வழியில் அப்படியே இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கலாம். அதோடு இன்று எல்லா ஆய்வகங்களும் பார்ப்பது, ஒரே சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களை. ஓரிடத்தில் ஒருவருக்கு 11 தடவை, இன்னொருவருக்கு 14 தடவை என்று மாறும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை எண்ணி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தற்செயலுக்கு இடம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

லாராவுக்கும் விக்டோரியாவுக்கும் வருவோம். தொடரில் இவர்கள் அக்கா தங்கை. பாட்டி தாத்தா யாருமே இல்லாமல் இந்த இருவரை மட்டும் வைத்து நிரூபிக்க முடியுமா? உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி பகிர்ந்துகொள்வார்கள், ஆனால் அது சராசரி மட்டுமே; டி.என்.ஏ-வில் ஏதாவது ஓர் இடத்தை எடுத்தால், உடன்பிறந்த இருவருக்கும் அங்கே பொதுவாக ஒன்றுமே இல்லாமல் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சகோதரிகளுக்கு மட்டும் ஒரு வசதி. அப்பாவிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அதை அவர் மாற்றிக் கொடுக்க வழியில்லை. எனவே ஒரே அப்பாவுக்குப் பிறந்த பெண்கள் எல்லோரிடமும் ஒரு எக்ஸ் முழுக்க முழுக்க ஒன்றே. அம்மாவும் ஒருவரே என்றால் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்றே. இரண்டு பெண்கள் இப்படி இரண்டு பக்கமும் பொருந்தினால், அவர்களைப் பெற்றவர்கள் எந்தக் கல்லறையிலும் இல்லாவிட்டாலும் அந்த உறவை மறைக்க முடியாது.

டெலிநாவெலாவில் வில்லி ஆய்வக ஊழியருக்குப் பணம் கொடுத்து உறையை மாற்றிவிடுவாள். நிஜத்தில் முடிவு உறைக்குள் ஒரு வரியாக வருவதில்லை, அது எண்களின் அட்டவணை. வேறு ஆய்வகம் அதே ரத்தத்தைச் சோதித்தால் அதே எண்கள் வரவேண்டும். அர்ஜென்டினாவில் இதற்கென்றே 1987-ல் சட்டம் போட்டு தேசிய மரபியல் தரவு வங்கியை உருவாக்கினார்கள். சந்தேகம் உள்ள எவரும் பாட்டிகள் அமைப்பிடமோ, அடையாள உரிமைக்கான அரசு ஆணையத்திடமோ போகலாம். முதலில் காகிதங்களைப் பார்க்கிறார்கள்: பிறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட டாக்டர் யார், கர்ப்பமான படம் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா. பிறகுதான் ரத்தம். அது வங்கியில் உள்ள எல்லாக் குடும்பங்களோடும் ஒப்பிடப்படுகிறது. இன்று பொருந்தவில்லை என்றாலும் தூக்கிப்போடுவதில்லை, நாளை புதிதாக ஒரு குடும்பம் ரத்தம் கொடுத்தால் அதோடும் ஒப்பிடுவார்கள்.

'மோன்டெகிரிஸ்டோ' ஓடிய வருடம், தங்கள் பிறப்பைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள் அதிகமானார்கள் என்று பாட்டிகள் அமைப்பு சொன்னது. எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. "நீ யார் என்று உனக்குத் தெரியுமா?" என்று பாட்டிகள் பல வருடங்களாகச் சுவரொட்டிகளில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை, இரவு சாப்பாட்டு நேரத்தில், வளர்த்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தத் தொடர் கேட்டது. மறுவருடம் அதே சேனல், மீட்கப்பட்ட பிள்ளைகளின் நிஜக் கதைகளை வைத்து ஒரு குறுந்தொடர் எடுத்தது. 2008-ல் அதற்குச் சர்வதேச எம்மி விருது கிடைத்தது.

2014-ல் ஓர் இசைக் கலைஞருக்கு, 36 வயதில், தான் வளர்ப்புப் பிள்ளை என்று தெரியவந்தது. கிராமப்புறத்தில் அவரை வளர்த்தவர்களுக்கே அவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாது. தானாகவே போய் ரத்தம் கொடுத்தார். அம்மா பக்கமும் பொருந்தியது, அப்பா பக்கமும் பொருந்தியது. 1982-ல் நியூயார்க்குக்குப் போய் "எங்கள் ரத்தத்தை வைத்துச் செய்ய முடியுமா" என்று கேட்ட எஸ்தெலா தே கார்லோட்டோவின் பேரன் அவர். 1978-ல் கொல்லப்பட்ட அவருடைய அம்மாவின் பெயரும் லாரா.

ரத்தம் கொடுத்த பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. பேரன் வருவான் என்று கடைசி நாள்வரை காத்திருந்து போனவர்கள். ஆனால் அவர்களுடைய மாதிரிகளை அந்த வங்கி வைத்திருக்கிறது. குறைந்தது 2050 வரை அவற்றை வைத்திருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ரகசியச் சிறைகளில் பிறந்தவர்களுக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். எழுபது வயதில் ஒருவர் போய்க் கையை நீட்டினாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பாட்டியின் ரத்தம் அங்கே இருக்கும்.