ஏ.எஸ்.ஓ. டைட்டர்: ஒரு நகைக்கடைச் சொல்லின் கதை

பிள்ளைக்கு முழங்கால் வீங்குகிறது. அது வற்றுவதற்குள் கணுக்கால் வீங்குகிறது. காய்ச்சலும் விட்டபாடில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் 'ஏ.எஸ்.ஓ. டைட்டர்' என்று ஒன்று இருக்கும். மாலையில் ரிப்போர்ட் வரும்: 400. பக்கத்திலேயே '200-க்குள்' என்று அச்சிட்டிருக்கும். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்பார் ஒருவர். வாதம் வந்துவிட்டது என்பார் இன்னொருவர். அந்த எண் இரண்டையுமே சொல்லவில்லை. பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

விரித்தால் 'ஆன்டி ஸ்ட்ரெப்டோலைசின் ஓ'. நடுவிலிருந்து தொடங்குவோம். 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் முறுக்கியது. கழுத்தில் போடும் முறுக்கிய அணிக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். நம் நகைக்கடையில் முறுக்குச் சங்கிலி என்று கேட்டு வாங்குகிறோமே, அதேபோல. 'கொக்கோஸ்' என்பது தானிய மணி. வியன்னாவின் அறுவை மருத்துவர் தியடோர் பில்ரோத், சீழ்பிடித்த புண்களில் உருண்டை உருண்டையாகச் சரம் கோத்தாற்போல நின்ற கிருமிகளைக் கண்டு, 1874-இல் இந்த இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தமிழில் மணி என்ற சொல் நெல்லுக்கும் ஆகும், கழுத்து மாலைக்கும் ஆகும். 'சரமணிக் கிருமி' என்று சொன்னால் படம் வரைந்து காட்டவே தேவையில்லை. ஆனாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயர் பழகிவிட்டது. அதை மாற்றச் சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒருமுறையாவது சரமணி என்று சொல்லிக்காட்டினால் போதும்.

'லைசின்' என்பது அவிழ்த்தல், கரைத்தல் என்ற பொருளுள்ள 'லிசிஸ்' என்பதிலிருந்து வந்தது. இந்தக் கிருமி வெளியே விடும் ஒரு நஞ்சு, சிவப்பணுக்களின் சவ்வில் ஓட்டை போட்டு உடைத்துவிடும். அதுதான் ஸ்ட்ரெப்டோலைசின். தமிழில் சிதைநஞ்சு எனலாம்.

கடைசியில் நிற்கும் 'ஓ' ரத்த வகை அல்ல, பூஜ்யமும் அல்ல. அது ஆக்சிஜனைக் குறிக்கும் எழுத்து. காற்றுப் பட்டால் இந்த நஞ்சு செயலிழந்துவிடும். இதே கிருமி விடும் 'எஸ்' என்ற இன்னொரு நஞ்சுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கு எதிராக நம் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை. அதனால்தான் பரிசோதனைக்கு 'ஓ' வாய்த்தது.

இனி 'ஆன்டி'. பலரும் தடுமாறும் இடம் இது. சோதனை தேடுவது கிருமியை இல்லை, நஞ்சையும் இல்லை. நஞ்சை எதிர்க்க நம் உடலே செய்து வைத்த பொருளைத் தேடுகிறது. தமிழ்நாட்டில் அதை எதிர்ப்பொருள் என்கிறோம். இலங்கையில் பிறபொருளெதிரி என்பார்கள். நீளமாக இருந்தாலும் எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். எதை எதிர்க்கிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

அப்புறம் 'டைட்டர்'. இதுவும் நகைக்கடைக்கே நம்மைத் திருப்பிக் கூட்டிப்போகிறது. பிரெஞ்சில் 'தீத்ர்' என்பது தங்கம், வெள்ளியின் தரத்தைக் குறித்த சொல். மூலம் லத்தீன் 'டிடுலுஸ்', அதாவது பொறிப்பு. தங்கத்தின் தரத்துக்குத் தமிழில் என்ன சொல்? மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதை வேதியியல் குடுவைக்குக் கொண்டுபோனபோது சொல்லும் கூடவே போயிற்று.

1932-இல் ஈ. டபிள்யூ. டாட் இந்தச் சோதனையை எழுதி வெளியிட்டார். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் நஞ்சும் சிவப்பணுக்களும் சேர்க்க வேண்டும். எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்தால் அணுக்கள் உடையாமல் அடியில் சிவப்புப் பொட்டாகத் தங்கும், மேலே தெளிவாக இருக்கும். போதாவிட்டால் குழாய் முழுக்கச் செந்நீராகிவிடும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அணுக்கள் தப்பின என்பதே டைட்டர். மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போய், எதுவரை புளிப்புத் தெரிகிறது என்று பார்ப்பதுபோல.

இன்று பல சிறிய ஆய்வகங்களில் வேலை இன்னும் எளிது. கறுப்புத் தகட்டில் ஒரு சொட்டு சீரம், இந்த நஞ்சைப் பூசிய நுண்மணிகள் மிதக்கும் பால் நிற லேடெக்ஸ் கரைசல் ஒரு சொட்டு, குச்சியால் ஒரு கலக்கு, இரண்டு நிமிடம் தகட்டை ஆட்டல். பால் திரிந்ததுபோலத் துகள் துகளாகப் பிரிந்தால் பாசிட்டிவ்.

தமிழ்ப் பெயருக்கு வருகிறேன். 'எதிர்ப்பொருள் மாற்று' என்பதுதான் மூலத்துக்கு நேர். ஆனால் மாற்று என்றால் இன்று வேறொன்று என்றுதான் காதில் விழும். நோயாளி கையில் போகும் தாளுக்கு 'ஸ்ட்ரெப் எதிர்ப்பொருள் அளவு' போதும்.

சரி, 400 என்ன சொல்கிறது? அண்மையில் இந்தக் கிருமி வந்துபோயிருக்கலாம் என்கிறது. தொற்று வந்து ஒரு வாரத்தில் அளவு ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சத்துக்குப் போகும்; இறங்க மாதக்கணக்கில் ஆகும். மருத்துவர் சந்தேகிப்பது ருமாட்டிக் காய்ச்சலை. இந்தக் கிருமியை எதிர்க்கப் போய் உடல் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கிக்கொள்ளும் நோய் அது. அது தலைகாட்டுவது தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து. அதற்குள் தொண்டையில் கிருமி பெரும்பாலும் இருக்காது. தடயம் மட்டும் ரத்தத்தில் நிற்கும். அந்தத் தடயத்துக்காகத்தான் இந்தச் சோதனை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தொண்டைப் புண் வருவதால், நோய் எதுவும் இல்லாமலே 200-ஐத் தாண்டியிருப்பது சகஜம். அதனால் இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி பார்த்து, ஏறுகிறதா என்று கவனிப்பது ஒற்றை எண்ணைவிட நம்பகமானது. மறுபக்கம், ருமாட்டிக் காய்ச்சல் உள்ள ஐந்தில் ஒருவருக்கு ஏ.எஸ்.ஓ. ஏறுவதே இல்லை. சீழ்ச்சிரங்கு வழியாகக் கிருமி வந்திருந்தாலும் அதிகம் ஏறாது. தோலின் கொழுப்பு அந்த நஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். சிரங்குக்குப் பின் சிறுநீரகம் பாதித்து, முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும் பிள்ளைக்கு 'ஆன்டி டிஎன்ஏஸ் பி' என்ற சோதனைதான் கைகொடுக்கும். கிருமியின் டிஎன்ஏ வெட்டும் நொதிக்கு எதிரான பொருளை அது அளக்கிறது.

எண்ணை மட்டும் பார்த்து, முழங்கால் தேய்ந்த நடுத்தர வயதினருக்கெல்லாம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவது தேவையற்ற வேதனை. அதைவிட எனக்குக் கவலை தருவது இதற்கு நேர்மாறான தவறு. ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியான பிள்ளைக்கு, 'ஏ.எஸ்.ஓ. நார்மலாகிவிட்டதே' என்று பெற்றோரே ஊசியை நிறுத்திவிடுவது. அடுத்த தொண்டைப் புண் இதய வால்வைத் தொடாமலிருக்கப் போடும் ஊசி அது. எத்தனை ஆண்டு போடுவது என்பதை வயதையும் இதயத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அந்தக் கணக்கில் ஏ.எஸ்.ஓ.வுக்கு இடமில்லை.