பீத்தோவனின் ஐந்தாவது: இரண்டு ஒலிப்பதிவுகளை ஒப்பிடும்போது காது எதைக் கேட்கிறது?

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு எந்த ஒலிப்பதிவு நல்லது என்று மேற்கத்திய இசை கேட்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இசைக்குழு நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1974இல் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவுடன் பதிவு செய்ததைத்தான் சொல்வார்கள். நல்ல பதிவுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஏன் நல்லது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பதில் சிதறத் தொடங்கும்: வேகம், விறுவிறுப்பு, வயலின்கள் பளிச்சென்று கேட்கின்றன, ஒலி நன்றாக விரிந்திருக்கிறது, இப்படி. இதில் எது கிளைபர் செய்தது, எது மண்டபம் செய்தது, எது மைக் வைத்தவர் செய்தது, எது உங்கள் ஹெட்போன் செய்தது? நாம் நடத்துநர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் மற்றவற்றைத்தான் ஒப்பிடுகிறோம் என்பது என் கட்சி. இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு லப்டொப்பும், இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் வில்லன் சத்த அளவு. ஒரே பதிவை ஒரு தடவை சாதாரணமாகவும் ஒரு தடவை ஒரு டெசிபெல் கூட்டியும் போட்டுக் காட்டினால், சத்தம் கூடிவிட்டது என்று பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள், இரண்டாவதில் தெளிவு கூட என்றுதான் சொல்வார்கள். காரணம் காதிலேயே இருக்கிறது. சத்தம் குறையும்போது எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் மங்குவதில்லை, தாழ்ந்த சுரங்கள் முந்திக்கொண்டு மறைந்துவிடும். ஃபிளெட்சரும் மன்சனும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இதை அளந்து 1933இல் வெளியிட்ட வளைகோடுகள்தான் இன்றைக்கும் இந்த விஷயத்துக்கு அடித்தளம். ஆக, கொஞ்சம் சத்தமாக இருக்கிற பதிவில் செல்லோவும் டபிள் பேஸும் சதைப்பிடிப்பாகக் கேட்கும். அந்தப் புகழ் நடத்துநரின் கணக்கில் போய்ச் சேரும், பாவம் மற்றவர்.

அதோடு ஞாபகமும் காலை வாரும். ராகத்தையும் தாளத்தையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிற மூளை, ஒலியின் நுண்ணிய நிறத்தைச் சில வினாடிகளுக்கு மேல் அப்படியே வைத்திருப்பதில்லை. நேற்றிரவு கேட்டதையும் இன்று காலை கேட்டதையும் வைத்து வயலின் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வீண். ஒரே பத்து வினாடித் துண்டை இரண்டு பதிவிலும் வெட்டி, சத்தத்தை அரை டெசிபெலுக்குள்ளாவது சமப்படுத்தி, எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே காணாமல் போய்விடும். மீதிதான் சுவாரசியமானது.

அடுத்தது வேகம். நம் ஆட்கள் காலப்பிரமாணம் என்று சொல்கிறோமே, அது பீத்தோவனுக்கு எண்ணாகவே கிடைத்தது. வேகத்தைத் தட்டிக் காட்டுகிற கருவியான மெட்ரோனோமுக்கு மெல்ட்ஸெல் என்பவர் 1815இல் காப்புரிமை எடுத்தார், 1817இல் பீத்தோவன் அதுவரை எழுதியிருந்த எட்டு சிம்பொனிகளுக்கும் வேகக் குறிகளை வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு அவர் போட்டது 108, அதாவது நிமிடத்துக்கு 108 பார். ஒரு பார் என்பதை ஒரு சின்ன ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பகுதியில் 502 பார்கள். வகுத்துப் பார்த்தால் 4 நிமிடம் 39 வினாடி. முதல் 124 பார்களைத் திருப்பி வாசிக்கவும் சொல்லியிருக்கிறார், அதைச் சேர்த்தால் 5 நிமிடம் 48 வினாடி, அதற்கு மேல் ஆங்காங்கே நீட்டி நிறுத்துகிற சுரங்களுக்குச் சில வினாடிகள். கிளைபரின் பதிவு 7 நிமிடம் 20 வினாடி அளவில் போகிறது. நிறுத்தங்களையும் சேர்த்து வகுத்தால் நிமிடத்துக்கு 85 பார்தான் வருகிறது. விறுவிறுப்புக்குப் பேர்போன பதிவின் நிலைமையே இது.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. சீடி உறையில் 7:20 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வேகத்தைக் கணிக்கக் கூடாது. திருப்பி வாசித்த 7:20க்கும் திருப்பாமல் விட்ட 7:20க்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். பழைய பதிவுகளில் அந்தத் திருப்பத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

பீத்தோவனின் எண்களை ஏன் பெரும்பாலானோர் பின்பற்றுவதில்லை என்பது நூறு வருடத்துக்கு மேலான தகராறு. 2020இல் மட்ரிட்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 36 நடத்துநர்களின் முழுத் தொகுப்புகளைக் கணினியில் போட்டு அளந்தார்கள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே போக்கில் மெதுவாக வாசிக்கிறார்கள் என்று வந்தது. ஒன்பதாவது சிம்பொனியின் கையெழுத்துப் பிரதியில் பீத்தோவனே "108 அல்லது 120" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மெட்ரோனோமின் அசையும் எடைக்கு மேல் விளிம்பில் வாசிக்க வேண்டிய எண்ணை அவர் கீழ் விளிம்பில் வாசித்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு இது அழகான விளக்கமாகப் படுகிறது, ஆனால் முடிந்த முடிவாக எடுக்கத் தயாரில்லை. அவர் எண்களை நெருங்கி வாசிக்கிற குழுக்களும் இருக்கின்றன, கேட்கப் பிழையாக இல்லை.

சராசரி வேகத்தைவிட முக்கியமானது அது எப்படி ஏறி இறங்குகிறது என்பது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சொனிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு பாருக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போனால் அது வேகத்தைக் கோடாக வரைந்துவிடும். தட்டச் சோம்பலென்றால் கணினியே சுரம் தொடங்கும் இடங்களைக் கண்டுபிடிக்கும்: ஒலியை மிகச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலத்தில் இருக்கிறது என்று ஃபூரியே முறையில் கணக்கிட்டு, திடீரென்று பலம் எகிறுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளும். பியானோவுக்கும் மிருதங்கத்துக்கும் இது பிரமாதமாக வேலை செய்யும். முப்பது வயலின் சேர்ந்து மெல்ல வில்லைப் போடும்போது தடுமாறும், ஏனென்றால் அங்கே தொடக்கம் என்று ஒரு புள்ளியே கிடையாது.

காலையும் மாலையும் நம் ஒழுங்கைகளில் வருகிற சூன் பாண் ஓட்டோவிலும் பீத்தோவன்தான் ஒலிக்கிறார், ஃபூர் எலிஸ். அதற்கு இந்தக் கோட்டை வரைந்தால் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக வரும். நடத்துநர் டொஸ்கனினி 1939இல் அமெரிக்காவின் என்பிசி வானொலிக் குழுவோடு வாசித்த ஐந்தாவது அந்த நேர்கோட்டிலிருந்து கொஞ்சம்தான் விலகும். இன்னொரு நடத்துநரான பேர்ட்வெங்லர் 1947 மே மாதம், போருக்குப் பிறகு முதன்முறையாக பெர்லின் பில்ஹார்மோனிக்குத் திரும்பிய நாட்களில் நடத்தியதை வரைந்தால் மலைநாட்டு ரயில் பாதைதான், இனிமையான இரண்டாம் கருப்பொருள், அதாவது இரண்டாவது மெட்டு, வரும்போது தணிந்து, உச்சம் நெருங்க நெருங்க மேலேறும். இரண்டும் ஒரே தாள்களைப் பார்த்து வாசித்தவை.

தொடக்கத்தின் ஐந்து பார்களை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்த நாலு சுரம். வாசிப்பது தந்தி வாத்தியங்களும் கிளரினெட்டும் மட்டும், பித்தளை வாத்தியம் எதுவும் இல்லை. தாளில் முதலில் இருப்பது சுரமே இல்லை, ஒரு குட்டி மௌனம். நடத்துநர் கையை இறக்கும்போது ஒன்றும் ஒலிக்கக் கூடாது, அதற்கடுத்த கணத்தில் அறுபது பேரும் ஒன்றாக விழ வேண்டும். பேர்ட்வெங்லரின் கையசைப்பு தெளிவில்லாதது என்று பேர், அவருடைய பதிவுகளில் இந்த இடத்தின் அலைவடிவத்தைப் பார்த்தால் சுரம் கூர்மையாக நிமிராமல் சற்றே கரைந்து எழும்புவது தெரியும். அப்புறம் நீட்டி நிறுத்துகிற இரண்டு சுரங்கள். இரண்டாவதை பீத்தோவன் ஒரு பார் கூட்டி எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே நீளத்தில் வைக்கிறவர்களும் உண்டு. மென்பொருளில் அளந்தால் உடனே மாட்டிக்கொள்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, மனுஷன் வேலை மெனக்கெட்டு ஒரு பார் சேர்த்திருக்கிறார்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். ஒலி நின்ற பிறகு அதன் எதிரொலி 60 டெசிபெல் குறைய எடுக்கும் நேரத்தை அதிர்வொலி நேரம் என்கிறார்கள். ஹார்வர்டில் இயற்பியல் படிப்பித்த வொலஸ் சபின் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குக் கணக்குக் கண்டுபிடித்தார்: மண்டபம் பெரிதானால் நேரம் கூடும், மெத்தை, திரை, மனிதர்கள் என்று ஒலியை உறிஞ்சுகிறவை கூடினால் குறையும். வியன்னா மூசிக்ஃபெரைன் மண்டபம் நிரம்பியிருக்கும்போது ஏறக்குறைய 2 வினாடி. இதை பீத்தோவனின் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். 108இல், தொடக்கத்தில் வரும் மூன்று குட்டிச் சுரங்களில் ஒன்றின் நீளம் 0.14 வினாடி. 2 வினாடி மண்டபத்தில் அந்த இடைவெளிக்குள் எதிரொலி வெறும் 4 டெசிபெல்தான் தணியும். முதல் சுரத்தின் வால் கிட்டத்தட்ட முழுசாக நிற்கும்போதே இரண்டாவது வந்து ஏறும். ஒரு வினாடி மண்டபத்தில் 8 டெசிபெல் தணிந்துவிடும், மூன்று சுரமும் தனித்தனியாக வெட்டுப்பட்டுக் கேட்கும். டொஸ்கனினி வாசித்த நியூயோர்க் 8எச் ஸ்டூடியோ வறட்சிக்குப் பேர்போனது. அவருடைய பதிவுகளில் நாம் கேட்கிற அந்த இரக்கமில்லாத கூர்மையில் ஒரு பங்கு சுவர்களுடையது.

மைக் எங்கே இருக்கிறது என்பது இதைத் தலைகீழாக்கலாம். வாத்தியத்துக்குப் பக்கத்தில் நேரடி ஒலி ஓங்கும், தள்ளிப்போனால் எதிரொலி ஓங்கும். நடத்துநரின் தலைக்கு மேலே மூன்று மைக் தொங்கவிடுகிற டெக்கா என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தின் 1950களின் முறைக்கும், ஒவ்வொரு வாத்தியக் கூட்டத்துக்கும் மைக் வைத்துப் பிறகு கலக்குகிற முறைக்கும் ஒரே மண்டபத்தில்கூட இரண்டு ஐந்தாவது கிடைக்கும். இரண்டாவதில் புல்லாங்குழல் ட்ரம்பெட்டை மிஞ்சிக் கேட்கலாம், நேரில் அது நடக்காது. லயனல் வென்ட் அரங்கில் நம்முடைய சிம்பொனிக் குழு வாசிக்கும்போது கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

1913இல் ஆர்தர் நிக்கிஷ் என்ற நடத்துநர் பெர்லின் குழுவோடு செய்த முழுப் பதிவில் மைக்கே கிடையாது. ஒரு புனலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள், அந்த ஒலியின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. ஆழத்து ஒலியும் உச்சத்து ஒலியும் பெரும்பாலும் பதியவே இல்லை. ஆனாலும் டபிள் பேஸ் வாசிக்கிற மெட்டு நமக்குப் புரிகிறது. தாழ்ந்த அடிச்சுரம் இல்லாவிட்டாலும் அதன் மேல்சுரங்கள் இருந்தால் மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும், போன் ஸ்பீக்கரில் ஆண் குரல் ஆண் குரலாகக் கேட்பதும் இந்தத் தயவில்தான். பழைய தட்டுகளில் இன்னொரு சிக்கல் சுழல்வேகம். மாற்றிப் பதியும்போது 6 விழுக்காடு வேகமாகச் சுழன்றால் ஒரு கட்டையில் இருக்க வேண்டிய சிம்பொனி ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடும். அதனால் வேகத்தை அளக்க முன்னர் சுருதியைப் பாருங்கள். இன்றைய குழுக்கள் ஆறு கட்டைச் சுரத்தை 440 ஹேர்ட்ஸிலோ கொஞ்சம் மேலேயோ வைக்கின்றன, பீத்தோவன் காலத்து வாத்தியங்களில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் 430இல்.

அளவீடு காதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்ட ஒரு சம்பவமும் இருக்கிறது, சிம்பொனி இல்லை, பியானோ. ஜோய்ஸ் ஹட்டோ என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞரின் பெயரில் வந்த சீடிகளை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2007இல் ஒருவர் அதில் ஒன்றைக் கணினியில் போட்டபோது, மென்பொருள் பகுதிகளின் நீளத்தை வைத்து அது லாஸ்லோ சிமோன் என்பவரின் தட்டு என்று சொன்னது. அதே நேரத்தில் லண்டன் ஆய்வாளர்கள் ஷோப்பானின் மசூர்காக்களின் வேகக்கோடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஹட்டோவின் கோடும் யூஜின் இன்ஜிக்கின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. இரண்டு மனிதர்களால் அப்படி வாசிக்கவே முடியாது. பிறகு ஹட்டோவின் கணவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் எந்த மென்பொருளும் தேவைப்படாத ஒரு சோதனையும் இருக்கிறது, எனக்கு இதுதான் செல்லம். முதல் பகுதியில் இரண்டாம் கருப்பொருளுக்கு வழிவிட்டு ஹோர்ன்கள், அதாவது சுருண்ட பித்தளைக் குழல்கள், ஓங்கி ஒரு அழைப்பு விடுகின்றன. பிற்பாதியில், 303ஆம் பாரில், அதே அழைப்பு வேறு சுருதியில் திரும்பி வரும்போது பீத்தோவன் அதைப் பசூன் என்ற தாழ்ந்த சுர மரக்குழல்களுக்குக் கொடுத்திருக்கிறார். அன்றைய ஹோர்னில் குழாயின் நீளத்தை மாற்றுகிற வால்வு இல்லை, அந்த ஒரே நீளம் தருகிற இயற்கைச் சுரங்கள் மட்டும்தான், அந்தச் சுருதி அதில் வசதியாக விழாது. வால்வு வந்தது சில வருடங்கள் கழித்து. அதன்பிறகு பல நடத்துநர்கள், அவரும் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று சொல்லி அந்த இடத்தை ஹோர்னுக்கு மாற்றினார்கள். பழைய வாத்தியக் குழுக்கள் பசூனிலேயே விடுகின்றன. பசூனில் அது கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, லேசான கேலியோடு ஒலிக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எந்தப் பதிவை எடுத்தாலும் முதலில் இந்த இடத்துக்குப் போய்விடுவேன்.

கடைசியாக உங்கள் அறை. மூன்றாம் பகுதி முடிந்து நான்காவது தொடங்குவதற்கு இடையில் ஏறக்குறைய 50 பார் நீளத்துக்கு, தந்திகள் முதலில் அசையாமல் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி என்ற பெரிய முரசு உள்ளே தட்டிக்கொண்டே இருக்கும், மூச்சுவிடுகிற அளவு சத்தத்தில். பிறகு சில பார்களுக்குள் ஏறி, அதுவரை சும்மா இருந்த ட்ரொம்போன்களோடு சேர்ந்து முழுக் குழுவும் வெடிக்கும். காலி வீதிப் பக்கத்து வெள்ளவத்தை ஃபிளாட்டில் மின்விசிறி ஓட, ஜன்னல் திறந்திருக்க, அறையின் இரைச்சலே 50 டெசிபெல்லைத் தொடும். நல்ல டிஜிட்டல் பதிவில் அந்த டிம்பனி அதற்குள் மூழ்கிவிடும், கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால் அரை நிமிடத்தில் மேல்மாடி அன்ரி கதவைத் தட்டுவார். பழைய மோனோ பதிவுகளில் மெல்லியதுக்கும் உரத்ததுக்கும் இடையிலான தூரம் குறைவு, அதனால் இந்த ஊர் அறையிலும் பஸ்ஸிலும் அவை சுகமாகக் கேட்கும். அதை வைத்து பேர்ட்வெங்லர் கிளைபரைவிட உணர்ச்சிகரமானவர் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, ஹெட்போனைப் போட்டு, இரண்டு பதிவிலும் நான்காம் பகுதி தொடங்குகிற முதல் பத்து வினாடியை வைத்துச் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். டிம்பனி இருக்கிற மெல்லிய துண்டை வைத்துச் சமப்படுத்தப் போனால் பழைய பதிவின் நாடா இரைச்சலும் கணக்கில் சேர்ந்து எல்லாம் பிழையாகிவிடும்.